தொலைபேசியில் இரையும் மின்கம்பி

ஈப்போ நகருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து தரைவழித் தொலைபேசியில் பேசினால் குரல் பெரும்பாலும் தெளிவாகவே கேட்கும். நெடுஞ்சாலையை விட்டு நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இன்று செம்பனைக்கு நடுவே நிற்கும் வீட்டிலிருந்து பேசினால், குரலுக்குப் பின்னால் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் வருவதுண்டு. “பழைய லைன், அப்படித்தான் இருக்கும்” என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அந்த இரைச்சலைப் பழைய லைன் தானாக உண்டாக்குவதில்லை. அது பக்கத்தில் ஓடும் மின்கம்பியிலிருந்து வருகிறது. அது எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் குறைப்பதற்கு வழிகளும் இருக்கின்றன. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் தெரிந்திருந்தால் போதும், இந்தக் கதையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

50 ஹெர்ட்ஸ் அல்ல குற்றவாளி

நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதாவது, மின்னோட்டம் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடி முடிக்கிறது. எனவே தொலைபேசியில் கேட்பதும் 50 ஹெர்ட்ஸ் ஒலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை.

தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்துகிறது. அதற்குக் கீழே உள்ள ஒலிகளைக் கருவியும் சரியாகத் தராது, நம் காதும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. எந்த அதிர்வெண் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் 800 ஹெர்ட்ஸ் ஒலியை 1 என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸ் ஒலியின் தொல்லை ஏறத்தாழ 1,400-இல் ஒரு பங்குதான்.

அப்படியானால் கேட்பது எது? 50-இன் மடங்குகள். 150, 250, 350, 550, 650 என்று ஏறிக்கொண்டே போகும் அதிர்வெண்கள். இவற்றைத்தான் ‘ஹார்மோனிக்’ என்கிறார்கள். வீணையிலும் வயலினிலும் ஒரே சுரத்தை வாசித்தாலும் இரண்டும் வேறு வேறாகக் கேட்கின்றன அல்லவா? அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளும் வெவ்வேறு அளவில் கலந்து ஒலிப்பதே அதற்குக் காரணம். மின்சாரத்திலும் அதேபோன்ற கலப்பு நடக்கிறது.

மின் நிலையத்திலிருந்து புறப்படும் அலை ஏறக்குறைய சீரான சைன் அலை. அதைக் குலைப்பவை நாம் பயன்படுத்தும் கருவிகள். பழைய குண்டு பல்பு அலை முழுவதிலும் சீராக மின்னோட்டத்தை இழுக்கும். கைப்பேசி சார்ஜர், தொலைக்காட்சி, எல்இடி விளக்கு, கணினி போன்றவை அப்படி இல்லை. உள்ளே இருக்கும் டையோடுகள் அலையின் உச்சியில் மட்டும் திறந்து, ‘வெடுக்’கென்று ஒரு துடிப்பாக இழுத்துவிட்டு மூடிக்கொள்ளும். இந்தத் துடிப்பைக் கணிதப்படி பிரித்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கிடைக்கும். அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே வடிவத்தில் இருந்தால் 3, 5, 7, 9 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே வரும்.

இங்கே இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் பக்கத்துக் கம்பியில் தூண்டும் மின்னழுத்தம், அந்த மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே 1 ஆம்பியர்தான் என்றாலும் 50 ஹெர்ட்ஸில் தூண்டுவதைவிட 850 ஹெர்ட்ஸில், அதாவது 17-வது ஹார்மோனிக்கில், 17 மடங்கு அதிகமாகத் தூண்டும். முன்பு பார்த்த 1,400-ஐயும் இந்த 17-ஐயும் பெருக்கிப் பாருங்கள். 20,000-ஐத் தாண்டிவிடும். மின்கம்பியில் கலந்திருக்கும் 1 ஆம்பியர் ஹார்மோனிக், தொலைபேசிக்குக் கொடுக்கும் தொல்லையில் 20,000 ஆம்பியர் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தையும் மிஞ்சிவிடும். மின்வாரியத்துக்குச் சிறு கசடு போலத் தெரிவது, தொலைபேசிக்குப் பெரும் இரைச்சலாவது இதனால்தான்.

தோட்டத்து ஒற்றைச் சாலை

பேராக் மாநிலத்துக்கு மின்சாரம் புதிதல்ல. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட செண்டரோ அணை 1930-லேயே இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரத்துக்குக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களே பெரிய வாடிக்கையாளர்கள். தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும். தொலைபேசி இருந்தால் அது துரை பங்களாவிலோ தோட்ட ஆபிசிலோ இருக்கும்.

பின்னாளில் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் லயத்து வீடுகள் வரை வந்தபோது, இரண்டுக்கும் ஒரே வழிதான் இருந்தது: தோட்டத்துக்குள் போகும் அந்த ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் மின்கம்பம், மறு பக்கமோ சில அடி தள்ளியோ தொலைபேசிக் கம்பம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், கிலோமீட்டர் கணக்கில் இணையாக ஓடுகின்றன.

தூண்டப்படும் மின்னழுத்தம் இந்த இணைநீளத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். நகரத்தில் ஒரு தொலைபேசிக் கேபிள் 250 மீட்டர் மின்கம்பியோடு இணையாக ஓடுகிறது, தோட்டத்துச் சாலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தாலும் தோட்டத்து லைனில் 20 மடங்கு அதிகம் தூண்டப்படும். நகரத்தில் கேபிள்கள் பெரும்பாலும் மண்ணுக்கடியில், உலோக உறையோடு போகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரியது. ஆக, சாலைக் கோடியில் இருப்பவருக்கு இரைச்சல் அதிகம் என்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ரயில் பாதை சொல்லும் பாடம்

மூன்று கட்ட மின்கம்பியில் ஒரு நல்ல குணம் உண்டு. மூன்று கம்பிகளின் மின்னோட்டங்களும் சமமாக இருந்தால், தூரத்தில் நிற்கும் தொலைபேசிக் கம்பிக்கு அவற்றின் விளைவு ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் 3, 9, 15 என்று மூன்றின் ஒற்றைப்படை மடங்காக வரும் ஹார்மோனிக்குகள் மூன்று கம்பியிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குபவை. அவை அடித்துக்கொள்ளாமல் ஒன்றுசேர்ந்து நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பும்.

மின்சார ரயிலில் அந்த நல்ல குணமும் இல்லை. அங்கே தலைக்கு மேல் ஒரே கம்பி. மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவும், அங்கிருந்து கசிந்து மண் வழியாகவும் திரும்புகிறது. போகும் பாதைக்கும் திரும்பும் பாதைக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்தச் சுற்றுக்கு அருகில் ஓடும் எந்தச் செம்புக் கம்பியும் தப்பாது.

ரவாங்–ஈப்போ மின்மய இரட்டைப் பாதையில் இடிஎஸ் ரயில் 2010-இல் ஓடத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் வழியாகப் பாடாங் பெசார் வரை 2015-இல் சேவை நீண்டது. தலைக்கு மேல் 25,000 வோல்ட். தஞ்சோங் மாலிமில் தொடங்கி, தோட்டங்களையும் தோட்டமாக இருந்த நிலங்களையும் உரசிக்கொண்டு பேராக் மாநிலத்தை ஊடுருவிப் போகிறது இந்தப் பாதை.

இதே 25,000 வோல்ட் முறையை இந்திய ரயில்வே 1950-களின் இறுதியிலேயே எடுத்துக்கொண்டது. 1931-இல் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1960-களில் இதற்கு மாறியது. பாதையோரம் ஓடிய தந்தி, தொலைபேசிக் கம்பிகளை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது. கையாண்ட தீர்வுகள் இரண்டு. ஒன்று, திறந்த கம்பிகளை உறையுள்ள கேபிளாக மாற்றி மண்ணுக்கடியில் கொண்டுபோவது. மற்றொன்று, ‘பூஸ்டர் டிரான்ஸ்பார்மர்’. தண்டவாளத்திலும் மண்ணிலும் பரவித் திரும்பும் மின்னோட்டத்தை இது இழுத்து, மேல்கம்பிக்கு அருகிலேயே கட்டிய திரும்பு கம்பிக்குள் செலுத்திவிடும். போவதும் வருவதும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் வெளியே பரவும் காந்தப்புலம் சுருங்கிவிடும்.

மின்கம்பி போடுபவரும் தொலைபேசிக் கம்பி போடுபவரும் உட்கார்ந்து பேசினால்தான் இது நடக்கும். இந்தியாவில் அதற்கென்றே ஒரு கூட்டுக் குழு 1949 முதல் இயங்குகிறது. உயரழுத்த மின்பாதை ஒன்று அமைவதற்கு முன்பே, அருகில் உள்ள தொலைபேசி லைன்களில் எவ்வளவு தூண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது அதன் வேலை.

இரண்டு கம்பியும் ஒரே படகில்

இந்தப் பிரச்சினைக்குக் கிடைத்த மிக அழகான தீர்வு, மிகப் பழையதும்கூட. ஆரம்பகாலத் தொலைபேசிக்கு ஒரே கம்பிதான். மறு கம்பியின் வேலையை மண் செய்தது. அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் மின்விளக்கும் மின்சார டிராமும் வந்ததும் அந்தத் தொலைபேசிகள் இரைச்சலில் மூழ்கின. மண்ணை விட்டுவிட்டு இரண்டு கம்பி போட்டார்கள். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார்.

முறுக்குவதால் என்ன ஆகிறது? ஒரு படகில் இருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை வந்தால் இருவருமே உயர்வார்கள், இருவருமே தாழ்வார்கள். அவர்களுக்கு இடையே உயர வித்தியாசம் வருவதில்லை. தொலைபேசி கேட்பது இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும்தான். மின்கம்பி இரண்டிலும் சமமாக 10 வோல்ட் தூண்டினாலும் வித்தியாசம் பூஜ்யம். காதுக்கு ஒன்றும் கேட்காது. ஒரு கம்பி எப்போதும் மின்கம்பிக்குக் கொஞ்சம் கிட்டே இருந்துவிட்டால் சமம் கெடும். முறுக்கும்போது இரண்டும் மாறி மாறிக் கிட்டே வருவதால் அது சரியாகிறது.

ஆனால் இந்தச் சமநிலை கேபிளுக்குள் மட்டும் இருந்தால் போதாது. இணைப்பகத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள லைனில் சமமின்மை ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும். 10 வோல்ட் தூண்டினால் காதுக்கு வருவது 0.01 வோல்ட். ஓர் இணைப்பில் துரு ஏறி, அந்தச் சமமின்மை நூறில் ஒரு பங்கானால் காதுக்கு வருவது 0.1 வோல்ட். மின்கம்பியில் எதுவுமே மாறாமல் இரைச்சல் பத்து மடங்காகிவிடும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு முன்னாள் தோட்டத்தில் இருக்கும் என் பாட்டிக்கு நடந்தது இதுதான். கைப்பேசி அலை அங்கே வாசலில் நின்றால்தான் கிடைக்கும். தரைவழித் தொலைபேசிதான் அவருக்குத் துணை. அதில் இரவு ஏழு மணிக்கு மேல் இரைச்சல் அதிகமாகும். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் விளக்கும் போடும் நேரம் அது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு “சரிப்பா, வைக்கிறேன்” என்பார். ஒருமுறை சர்க்கரை நோய்ப் பரிசோதனைத் தேதியைக் கிளினிக்கிலிருந்து மாற்றிச் சொன்னபோது, பதினாறு அவர் காதில் பதினாலாக விழுந்தது. இரண்டு நாள் முன்னதாகப் போய்த் திரும்பி வந்தார். எண்களையும் பெயர்களையும் வேறுபடுத்திக் காட்டுபவை மெய்யெழுத்து ஒலிகள். அவை மெல்லியவை. இரைச்சல் முதலில் விழுங்குவது அவற்றைத்தான்.

புகார் செய்த பிறகு வந்த ஊழியர் தொலைபேசிப் பெட்டியை மாற்றவில்லை. இரண்டு கம்பிகளையும் தனித்தனியாக மண்ணோடு வைத்து அளந்து பார்த்தார். சாலையோர இணைப்புப் பெட்டியில் ஒரு கம்பி மட்டும் பச்சை பிடித்திருந்தது. அதை வெட்டி, சுத்தம் செய்து, மறுபடி இணைத்தார். அன்று இரவு பாட்டி அரை மணி நேரம் பேசினார்.

இதுபோல் சமநிலையைக் கெடுப்பவை இன்னும் சில உண்டு. மழைநீர் இறங்கிய கேபிள் ஒன்று. இடிக்குப் பாதுகாப்பாக வைக்கும் கருவி ஒரு கம்பியில் மட்டும் கசிவது மற்றொன்று. கேபிளின் உலோக உறை மண்ணோடு இணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதில் எதிர் மின்னோட்டம் ஓடி, உள்ளே தூண்டுவதைக் குறைக்கும். கேபிள் திருட்டுக்குப் பின் உறையைச் சரியாக இணைக்காமல் விட்டால் அந்தக் கவசம் பெயருக்குத்தான் இருக்கும்.

மூலத்தில் அடைப்பது

தொலைபேசிப் பக்கம் எவ்வளவு சரிசெய்தாலும், மின்கம்பிப் பக்கம் ஹார்மோனிக் பெருகிக்கொண்டே போனால் பயனில்லை. வீட்டுக் கருவிகள் எவ்வளவு ஹார்மோனிக் கக்கலாம் என்பதற்கு ஐஇசி 61000-3-2 என்ற அனைத்துலகத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. பெரிய இடங்களில் சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டிகளைப் பொருத்துகிறார்கள். 250 ஹெர்ட்ஸுக்கென்று அமைத்த வடிகட்டி, அந்த மின்னோட்டத்தை வெளியே கம்பிக்குப் போகவிடாமல் தன் வழியாகவே சுற்றவிடும்.

நமக்குப் பக்கத்தில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு, கெடாவின் குருண் ஊருக்கும் தாய்லாந்தின் குளோங் ங்கேவுக்கும் இடையே ஓடும் 300,000 வோல்ட் நேர் மின்சாரப் பாதை. சுமார் 110 கிலோமீட்டர் நீளம், 300 மெகாவாட் திறன். இதன் மாற்றிகள் 12 துடிப்பு முறையில் இயங்குகின்றன. அதனால் 5, 7-ஆவது ஹார்மோனிக்குகள் தங்களுக்குள்ளேயே அடிபட்டுப்போகும். ஆனால் நேர் மின்சாரப் பக்கத்தில் 12-ஆவது எஞ்சும். அது 600 ஹெர்ட்ஸ், காது நன்றாகக் கேட்கும் இடம். ஆகவே அதற்குத் தனி வடிகட்டிகள் தேவைப்படுகின்றன.

கவனிக்க வேண்டிய வலையும் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையின் பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால் தெனாகா நேஷனல் கூடுதல் கட்டணம் விதிக்கும். அதைத் தவிர்க்கக் கெப்பாசிட்டர் வரிசையை வைப்பார்கள். அது மின்வலையின் சுருள் தன்மையோடு சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிரும். எது என்று கண்டுபிடிப்பது எளிது: அந்த இடத்தின் குறுக்குச்சுற்றுத் திறனைக் கெப்பாசிட்டரின் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 50 மெகாவோல்ட்-ஆம்பியரை 1-ஆல் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் சுமார் 7. ஆக, 7-ஆவது ஹார்மோனிக், 350 ஹெர்ட்ஸ், பெருகிவிடும். மின்கட்டணத்தைக் குறைக்க வைத்த கருவி, சாலைக் கோடியில் இருப்பவரின் தொலைபேசியை இரைய வைக்கும். கெப்பாசிட்டரோடு தகுந்த சுருளைச் சேர்த்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

ஃபைபர் வந்துவிட்டதே?

ஒளியிழை என்பது கண்ணாடி. அதற்குள் போவது ஒளி. காந்தப்புலம் அதை ஒன்றும் செய்யாது. 1992-இல் தொடங்கப்பட்ட ஃபைபரேல் நிறுவனம் ரயில் பாதையை ஒட்டியே ஒளியிழை வடம் பதித்தது. 25,000 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே அது நிம்மதியாக வேலை செய்யும்.

அதனால் ஃபைபர் போன இடத்தில் இந்த இரைச்சல் கதை முடிந்தது என்பது உண்மை. ஆனால் செம்பு லைனுக்கு ஒரு பலம் இருந்தது. அதன் மின்சாரம், 48 வோல்ட், இணைப்பகத்திலிருந்தே வரும். இடி மழையில் வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரணத் தொலைபேசி பேசும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அதற்கு ஒரு சிறிய பேட்டரிக் காப்பு வைக்காவிட்டால், அவசரம் வரும் நேரத்தில் அது பேசாது. தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீட்டில் லைனை மாற்றும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் இன்னும் செம்பு லைன் இருந்து, அது இரைந்தால், முதலில் எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, சாதாரணக் கம்பித் தொலைபேசி ஒன்றை லைன் நுழையும் முதல் இணைப்பில் மாட்டிக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் கோளாறு வீட்டுக்குள். போகாவிட்டால் வெளியே. எந்த நேரத்தில் அதிகம், மழைக்குப் பின் கூடுகிறதா, ‘ங்ங்’ என்ற சீரான ஒலியா அல்லது ‘கரகர’ ஒலியா என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். சீரான ஒலி என்றால் “இரண்டு கம்பியின் சமநிலையைச் சோதித்துப் பாருங்கள்” என்று புகாரில் எழுதுங்கள். “லைன் சரியில்லை” என்பதைவிட இந்த ஒரு வரி, வரும் ஊழியரை நேராக இடத்துக்குக் கொண்டுசேர்க்கும். கம்பத்தையோ சாலையோரப் பெட்டியையோ நீங்கள் தொட வேண்டாம்.

பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்கும் இது நல்ல தலைப்பு. ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் இலவசச் செயலியைக் கைப்பேசியில் போட்டு, இரையும் தொலைபேசியின் அருகில் வையுங்கள். 250, 350, 550 என்று கோடுகள் எழுந்தால் அவை மின்கம்பியின் கைரேகை. எந்த மணிக்கு எந்தக் கோடு உயர்கிறது என்று ஒரு வாரம் வரைந்தால், அந்த வட்டாரம் மின்சாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதே தெரிந்துவிடும்.

முறுக்கிய இரண்டு கம்பி என்ற அந்த 1881 யோசனை, உங்கள் கணினியின் இணையக் கேபிளுக்குள்ளும் யூஎஸ்பி கம்பிக்குள்ளும் இன்றும் இருக்கிறது. மின்பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு இது முதல் பாடங்களில் ஒன்றாக வரும். அந்தப் பாடம் தோட்டத்துச் சாலையின் கோடி வரை போய்ச் சேர, இரண்டு கம்பிகளையும் சமமாக வைத்திருக்கும் பராமரிப்பும், அதைச் சரியான சொற்களில் கேட்கத் தெரிந்தவர் வீட்டுக்கு ஒருவரும் வேண்டும்.